நெய்யாற்றுத் தண்ணிக்கு எதுக்குய்யா ஆர்.ஓ. மெஷின்?

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த விஷயம் இது. எழுதினால் ஊரில் நாலு பேருக்குக் கோபம் வரும். முதல் ஆள் என் தங்கச்சி. பரவாயில்லை.

2025 ஓணத்துக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஊர் என்றால் காட்டாக்கடைக்கும் பாறசாலைக்கும் நடுவில் ஒரு கிராமம். வீட்டுக்குள்ளே தமிழ், படி இறங்கினால் மலையாளம், களியக்காவிளை தாண்டினால் மறுபடியும் தமிழ். மஸ்கட்டிலிருந்து போய் இறங்குகிறவனுக்கு எங்கள் வீட்டில் முதலில் கொடுப்பது காப்பி கிடையாது. ஒரு செம்பு கிணற்றுத் தண்ணி. (எங்கள் பக்கம் அதை 'வெள்ளம்' என்றுதான் சொல்வோம். சென்னையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓட்டலில் உட்கார்ந்து "கொஞ்சம் வெள்ளம் வேணும்" என்று கேட்டு, சர்வர் முழித்தது தனிக்கதை.) பதினாறு வருஷமாக வெளிநாட்டில் இருக்கிறேன். அந்த ஒரு செம்பு உள்ளே இறங்கினால்தான் வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும்.

இந்தத் தடவை செம்பு வரவில்லை. கண்ணாடி டம்ளரில் தண்ணி வந்தது. குடித்தேன். சுத்தமாக இருந்தது, ஆனால் ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. அடுக்களையில் எட்டிப் பார்த்தால் சுவரில் வெள்ளைப் பெட்டி, அதில் நீல லைட்டு எரிகிறது. தங்கச்சி முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"நீ அனுப்பின பைசாவுலதான் வாங்கினேன் அண்ணா. பதினெட்டாயிரத்து ஐந்நூறு. எல்லா வீட்லயும் வச்சாச்சு, நம்ம வீட்லதான் இல்லாம இருந்துது."

அம்மை மட்டும் மெதுவாகச் சொன்னாள்: "ஒரு ருசியும் இல்ல மக்களே. மழைவெள்ளத்த ஏந்திக் குடிச்ச மாதிரி இருக்கு."

எழுபத்தாறு வயசு அம்மைக்குத் தெரிந்தது, பி.காம். படித்து இருபது வருஷமாகக் கடன் விண்ணப்பங்களைத் துருவித் துருவிப் பார்க்கிற எனக்கும், பி.எட். படித்த தங்கச்சிக்கும் தெரியவில்லை. அது எப்படி விற்கப்பட்டது என்று கேட்டேன். கேட்கக் கேட்க ரத்தம் கொதித்தது.

இரண்டு பையன்கள் பைக்கில் வந்திருக்கிறார்கள். கழுத்தில் டை. "சேச்சி, இலவச வாட்டர் டெஸ்ட்" என்று சொல்லி உள்ளே வந்து, பேனா மாதிரி ஒரு மீட்டரைக் கிணற்றுத் தண்ணியில் முக்கியிருக்கிறார்கள். 46 என்று காட்டியது. "பாத்தீங்களா சேச்சி, 46 சதவீதம் அழுக்கு." அடுத்து, இரண்டு ஜோடிக் கம்பிகள் வைத்த ஒரு கருவி. ஒரு ஜோடி கிணற்றுத் தண்ணி டம்ளரில், இன்னொரு ஜோடி அவர்களே பாட்டிலில் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணியில். கரண்டு போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் கிணற்றுத் தண்ணி சாக்கடை மாதிரி பழுப்பாகக் கலங்கி மேலே நுரைத்துக்கொண்டு நின்றது. அவர்கள் தண்ணி அப்படியே பளிங்கு. "இதையா சேச்சி பிள்ளைகளுக்குக் கொடுக்கறீங்க?" தங்கச்சிக்குக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது. அன்றைக்கே கையெழுத்து.

முதலில் அந்த 46. அது சதவீதம் இல்லை. ஒரு லிட்டர் தண்ணியில் கரைந்திருக்கிற உப்புகளின் எடை, மில்லிகிராமில். டி.டி.எஸ். என்பது இதுதான். சதவீதமாகவே வேண்டுமென்றால் 0.0046 சதவீதம். என் பிராஞ்சில் எவனாவது வட்டி விகிதத்தை இப்படிச் சொல்லி கஸ்டமரை ஏமாற்றினால் சஸ்பெண்ட் ஆவான். தவிர, அந்த 46 அழுக்கே இல்லை. கால்சியம், மெக்னீசியம், சோடியம் மாதிரி சாதாரணச் சமாச்சாரம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500. அதன்படி டி.டி.எஸ். 500 வரை நல்ல தண்ணி, வேறு தண்ணியே கிடைக்காத இடத்தில் 2000 வரை போகலாம். கடினத்தன்மைக்கு 200, வேறு வழியில்லை என்றால் 600. எங்கள் கிணறு அந்த வரம்பில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை.

அடுத்தது அந்தக் கம்பி வித்தை. இது வடக்கே டெல்லி தொடங்கி தெற்கே பாறசாலை வரைக்கும் ஓடுகிற பழைய நாடகம். கம்பிகளில் ஒன்று இரும்பு, ஒன்று அலுமினியம். தண்ணியில் உப்பு இருந்தால் கரண்டு பாயும், பாய்ந்தால் இரும்புக் கம்பி கரைந்து துருவாக இறங்கும். நீங்கள் பார்க்கிற பழுப்பு நிறம் தண்ணிக்குள்ளே இருந்ததில்லை, கம்பியிலிருந்து வந்தது. ஆர்.ஓ. தண்ணியில் உப்பு இல்லாததால் கரண்டு பாயாது, அதனால் கலங்காது. அவ்வளவுதான்.

இதைத் தங்கச்சியிடம் சொன்னால் நம்பவில்லை. நல்லவேளையாக நான் இருக்கும்போதே சர்வீஸ் பையன் வந்தான். அவன் பையிலும் அதே கருவி இருந்தது. "தம்பி, ஒரு உதவி செய். உங்க மெஷின் தண்ணியிலயே இந்தக் கம்பியைப் போடு" என்றேன். போட்டான். பளிங்கு. "இப்போ ஒரு சிட்டிகை உப்பு போடறேன், மறுபடி ஆன் பண்ணு." கிணற்றுத் தண்ணியைவிட மோசமாகப் பழுப்பாகிவிட்டது! பையன் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான். அவனுக்குத் தெரியும். பாவம், மாசச் சம்பளத்துக்கு ஓடுகிறவன், அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

சும்மா விடவில்லை நான். மரத்திலிருந்து ஒரு கருக்கு வெட்டச் சொல்லி (இளநீர்தான்), அதில் மீட்டரை முக்கினோம். எண் ஆயிரங்களில் போய் நின்றது.

"அப்போ கருக்கும் குடிக்கப்பிடாதாலே?" என்று அம்மை கேட்டாள். வீடே சிரித்தது, தங்கச்சி மட்டும் சிரிக்கவில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் "இவன் ஆர்.ஓ.வுக்கே விரோதி" என்று கிளம்பிவிடுவார்கள். வெளிநாடு வருவதற்கு முன் ஐந்து வருஷம் சென்னை மடிப்பாக்கத்தில் வாடகைக்கு இருந்தேன். போர்வெல் தண்ணி. வாளியைச் சுற்றி வெள்ளையாகப் படை, ஷவரில் துளை அடைந்து ஒரு பக்கமாகப் பீச்சும், சோப்பு நுரைக்காது, துவரம்பருப்பு குக்கரில் எட்டு விசில் அடித்தாலும் பல்லில் படும். கடினத் தண்ணி என்றால் அது. அங்கே மெஷின் வைப்பதில் அர்த்தம் இருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இன்னும் கொடுமை, நிலத்தடி நீரில் ஃபுளோரைடு, பல் கறை பிடித்து எலும்பு வளைந்தது தலைமுறை தலைமுறையாக. அதற்காகத்தான் ஜப்பான் கடன் வாங்கி ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட்டு 2013ல் காவிரித் தண்ணியைக் கொண்டுபோனார்கள். அந்த ஊர்க்காரன் ஆர்.ஓ. வேண்டும் என்று சொன்னால் நான் கையெழுத்துப் போடுகிறேன்.

எங்கள் நிலைமையோ நேர் எதிர். அகத்தியமலையில் பெய்கிற மழை நெய்யாறாக இறங்கி, 1958ல் கள்ளிக்காட்டுப் பக்கம் கட்டிய அணையில் தேங்கி, பூவாரில் கடலைத் தொடுகிறது. மொத்தமே 56 கிலோமீட்டர். வழியில் சுண்ணாம்புப் பாறை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. மேலே கருங்கல், கீழே செம்மண்ணும் வெட்டுக்கல்லும். வருஷத்தில் இரண்டு மழைக்காலம், மிச்சம் மீதி உப்பையும் கழுவிக்கொண்டு போய்விடும். கடினத்தன்மை வர வேண்டுமானால் கால்சியமும் மெக்னீசியமும் வேண்டும். அது எங்கிருந்து வரும்?

ஆக, எங்கள் கிணற்றுத் தண்ணிக்கு நோய் கடினத்தன்மை இல்லை, புளிப்பு. மழைத்தண்ணி காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. சுண்ணாம்பு உள்ள மண்ணாக இருந்தால் அது சமன்படும். எங்கள் மண்ணில் அதற்கு வழியில்லை. பி.எச். 6.5க்குக் கீழே இறங்கிய கிணறுகள் கேரளத்தின் வெட்டுக்கல் பூமியில் சர்வசாதாரணம். மோட்டார் பைப்பு அரித்துப் போவதற்கும், குழாயடியில் சிமெண்டில் பச்சையாகக் கறை படிவதற்கும் இதுதான் காரணம். அந்தக் காலத்தில் கிணறு தூர்வாரினால் கக்கா நீற்றைத் துணியில் கட்டி உள்ளே இறக்குவார்கள். அடியில் நெல்லிப்பலகை போடுவார்கள். பி.எச். என்ற வார்த்தை என் தாத்தாவுக்குத் தெரியாது. ஆனால் சுண்ணாம்பு போட வேண்டும் என்று தெரிந்திருந்தது.

இப்போது இந்தப் புளிப்புத் தண்ணியை ஆர்.ஓ.வில் விட்டால் என்ன ஆகும்? இருக்கிற கொஞ்சநஞ்ச உப்பும் போகும், கரியமில வாயு மட்டும் சல்லடையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிடும். தண்ணி இன்னும் புளிப்பாகும். கம்பெனிக்காரனுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். அதனால்தான் 'மினரல் கார்ட்ரிட்ஜ்', 'ஆல்கலைன் கார்ட்ரிட்ஜ்' என்று தனியாக விற்கிறான். எடுப்பதற்கு ஒரு காசு, எடுத்ததைத் திருப்பிப் போட ஒரு காசு. கணக்குப் படித்தவன் சொல்கிறேன், இரண்டு பதிவும் நம்ம பற்றில்தான் விழுகிறது.

இதில் எனக்கு வயிற்றெரிச்சல் அதிகமாவதற்கு நான் இருக்கும் ஊரும் ஒரு காரணம். மஸ்கட்டில் ஆறு இல்லை. வாடி என்று சொல்வார்கள், மழை பெய்தால் ஓடும், அதுவும் சில நாள்தான். 1976ல் குப்ராவில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக. லிட்டருக்கு 35,000 மில்லிகிராமுக்கு மேல் உப்பு இருக்கிற தண்ணியிலிருந்து உப்பை எடுக்கிறார்கள். எடுத்த தண்ணியை அப்படியே குழாயில் விடுவதில்லை. விட்டால் அது பைப்பையே தின்றுவிடும், குடிக்கவும் சப்பென்று இருக்கும். அதனால் சுண்ணாம்புக்கல் சேர்த்துக் கொஞ்சம் கடினமாக்கி அனுப்புகிறார்கள். கடல்நீர் ஆலைகள் எல்லாவற்றிலும் இந்த வேலை உண்டு. பாலைவனத்துக்காரன் காசு செலவழித்துச் சுண்ணாம்பைப் போடுகிறான். அகத்தியமலை அடிவாரத்தில் இருக்கிற நாம் காசு செலவழித்து இல்லாத சுண்ணாம்பைத் தேடி எடுக்கிறோம்!

வீணாகும் தண்ணியைப் பற்றிச் சொல்லவில்லையே. வீட்டு ஆர்.ஓ. மெஷின் பெரும்பாலும் ஒரு லிட்டர் நல்ல தண்ணி தர இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாக வெளியே தள்ளும். "அதை வாழைக்கு விடறேன்" என்றாள் தங்கச்சி. சரி, விடு. மார்ச் மாதம் கிணற்றில் வாளி தரை தட்டும்போதும் வாழைக்கு விடுவாயா? 2017 வறட்சி ஞாபகம் இருக்கிறதா? திருவனந்தபுரம் நகரத்துக்குத் தண்ணி கொடுக்கிற அருவிக்கரை வறண்டு, நெய்யாறு அணையிலிருந்து பம்ப் வைத்து இறைத்து அங்கே அனுப்பினார்கள். ஒரு நதியின் தண்ணியை இன்னொரு நதிக்கு மோட்டார் வைத்துத் தூக்கிய ஊரில் முக்கால் பங்கைச் சாக்கடையில் விடும் மெஷின்.

களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், விளவங்கோட்டில் இருக்கும் என் சித்திக்கு இதைச் சொன்னால் சிரிக்க மாட்டாள். நெய்யாற்றின் இடதுகரைக் கால்வாயில் தமிழ்நாட்டுக்கு வந்துகொண்டிருந்த தண்ணி 2004ல் நின்றது. 9,200 ஏக்கர் பாசனம். தமிழ்நாடு 2012ல் உச்ச நீதிமன்றம் போனது. இரண்டு சர்க்காரும் எத்தனை கன அடி என்று சண்டை போடுகின்றன. அந்தத் தண்ணி குடிக்க எப்படி இருக்கிறது என்று எந்தப் பக்கத்து அரசியல்வாதியும் மேடையில் பேசி நான் கேட்டதில்லை.

"ஆனா அண்ணா, ஆர்.ஓ.வுல கிருமியும் போகுமே?" இது தங்கச்சியின் கடைசி அஸ்திரம். நியாயமான கேள்வி. போகும். ஆனால் கிருமி போவதற்கு உப்பை எடுக்க வேண்டியதில்லை. கொதிக்க வைத்தாலே போதும், எங்கள் அம்மை சீரகமோ பதிமுகமோ போட்டு அறுபது வருஷமாகச் செய்துவருகிறாள். மெஷின்தான் வேண்டும் என்றால் யு.வி. மட்டும் உள்ளது விலையும் குறைவு, தண்ணியும் வீணாகாது. ஆனால் விஷயம் அதுவும் இல்லை. மெஷின் இருப்பது அடுக்களையில். பல் தேய்ப்பது, குளிப்பது, பாத்திரம் கழுவுவது, பச்சையாகத் தின்கிற வெள்ளரிக்காயைக் கழுவுவது எல்லாம் கிணற்றிலிருந்து நேராக டேங்குக்கு ஏறி வருகிற தண்ணியில். அங்கே யார் காவல்?

இங்கேதான் நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது.

2024 ஜூலையில் நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்தில் கண்ணறவிளையில் ஒரு குளத்தில் குளித்த இளைஞர்களுக்கு அமீபா மூளைக்காய்ச்சல் வந்தது, ஒருவர் இறந்தார். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். அந்த அமீபா வாய் வழியாகக் குடித்து வருவதில்லை, மூக்கு வழியாக ஏறுவது. ஆர்.ஓ. பெட்டிக்கு அதில் ஒரு பங்கும் இல்லை. குளோரின் போட்டால் கட்டுப்படும். 2025ல் கேரளம் முழுக்க மறுபடி இந்த நோய் வந்தபோது, சர்க்கார் ஆகஸ்ட் 30, 31 தேதிகளில் 'ஜலமாணு ஜீவன்' என்று பெயர் வைத்து வீடு வீடாகக் கிணறுகளில் பிளீச்சிங் பவுடர் போடச் சொன்னது. நான் ஓணத்துக்குப் போவதற்குச் சில நாள் முன்பு.

எங்கள் வீட்டுக்கும் வந்திருக்கிறார்கள். இரண்டு பெண்கள், கையில் பக்கெட்டும் பவுடரும், காசு ஒன்றும் கேட்கவில்லை. தங்கச்சி திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

"வேண்டாம்னுட்டேன் அண்ணா. நாத்தம் அடிக்கும், பிள்ளைகள் குடிக்காது. நமக்கு ஆர்.ஓ. இருக்கே."

இதைக் கேட்டபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. மெஷினைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதினெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு நாங்கள் தண்ணியை மட்டுமா வாங்கினோம்? "நமக்குப் பிரச்சினை இல்லை" என்ற நினைப்பையும் சேர்த்து வாங்கியிருக்கிறோம். அந்த நினைப்புதான் கிணற்றடிக்கு வந்த இரண்டு பெண்களைத் திருப்பி அனுப்பியது.

நவம்பரில் போன் வந்தது. மருமகனுக்கு மஞ்சள்காமாலை. பதினோரு வயசு. மூன்று வாரம் பள்ளிக்கூடம் போகவில்லை. கிணறுதான் காரணம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். பள்ளிக்கூடத்தில் குடித்திருக்கலாம், திருவிழாவில் ஐஸ் தின்றிருக்கலாம். ஆனால் அதற்குப் பிறகுதான் அளியன் கிணற்றுத் தண்ணியை முறையாக ஒரு லேபில் கொடுத்தான். செலவு, மெஷினின் ஒரு ஃபில்டர் மாற்றும் காசைவிடக் குறைவு. ரிசல்ட்டை வாட்சப்பில் அனுப்பினான். கடினத்தன்மை 16. பி.எச். 5.7. ஈ.கோலி: இருக்கிறது.

ஐ.எஸ். 10500 டி.டி.எஸ்., கடினத்தன்மை மாதிரி சிலவற்றுக்கு இத்தனை வரை, அத்தனை வரை என்று விட்டுக்கொடுக்கும். ஈ.கோலிக்குப் பேரமே கிடையாது. 100 மில்லியில் ஒன்றுகூடத் தென்படக்கூடாது. அது இருந்தால் மலம் கலக்கிறது என்று அர்த்தம். அந்தப் பேனா மீட்டருக்கு இது தெரியவே தெரியாது. சாக்கடை ஒரு சொட்டு விழுந்தாலும் அது 46 என்றுதான் காட்டும்.

எப்படிக் கலக்கிறது? ஒரு கணக்கு போடுங்கள். கேரளக் கட்டிட விதிப்படி குடிநீர்க் கிணற்றிலிருந்து கக்கூஸ் குழி குறைந்தது 7.5 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். கிணற்றைச் சுற்றி 7.5 மீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டால் 177 சதுர மீட்டர். ஐந்து சென்ட் மனை என்பது மொத்தமே 202 சதுர மீட்டர். அதில் வீடு எங்கே, குழி எங்கே, கார் எங்கே? நம்ம குழியைத் தள்ளிவைத்தாலும் மதிலுக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக் குழி இருக்கும். மதில் தண்ணிக்குத் தெரியுமா? வெட்டுக்கல் பஞ்சு மாதிரி. என் தாத்தா காலத்தில் ஒன்றரை ஏக்கருக்கு ஒரு வீடு, ஒரு கிணறு. இப்போது அதே புரையிடத்தில் ஆறு வீடு, ஆறு கிணறு, ஆறு குழி. கட்டியது யார் காசில்? எங்கள் காசில்தான். மஸ்கட், துபாய், தோஹா. அதில் ஒன்றுக்கு வீட்டுக்கடன் ஏற்பாடு செய்து கொடுத்தவனே நான். பிளானில் கிணற்றைப் பார்த்தேனா? மதிப்பீட்டாளர் ரிப்போர்ட்டையும், சம்பளச் சான்றிதழையும் பார்த்தேன்.

பைப்புத் தண்ணி எடுத்தால் தீர்ந்துவிடுமா என்றால் அதுவும் காவல் இல்லாமல் தீராது. நாள் விட்டு நாள் வருகிற குழாயில், தண்ணி நிற்கும்போது உள்ளே அழுத்தம் குறைந்து, விரிசல் வழியே வெளியே இருக்கிற சாக்கடையை இழுத்துக்கொள்ளும். 2024ல் எர்ணாகுளம் மாவட்டம் வேங்ஙூரில் பொதுக்குழாய்த் தண்ணி வழியாக மஞ்சள்காமாலை பரவி 200 பேருக்கு மேல் படுத்தார்கள், இறந்தவர்களும் உண்டு. அங்கேயும் தண்ணி கடினமாக இருந்ததாக யாரும் சொல்லவில்லை. குளோரின் சரியாகப் போய்ச் சேரவில்லை என்பதுதான் பிரச்சினை.

காசு விஷயத்துக்கு வருகிறேன், அது என் தொழில். 2023 பிப்ரவரியில் கேரள அரசு குடிநீர்க் கட்டணத்தை லிட்டருக்கு 1 பைசா ஏற்றியது. எத்தனை சத்தம்! எங்கள் ஊர் டீக்கடையில் ஒரு வாரம் அதே பேச்சு. ஏற்றிய பிறகும் வீட்டு இணைப்புக்கு 5,000 லிட்டர் வரை 72 ரூபாய் 5 காசு, அதாவது லிட்டர் ஒன்றரைப் பைசாகூட இல்லை. இப்போது தங்கச்சி வீட்டு மெஷின். விலை 18,500, ஏழு வருஷம் ஓடும் என்றே வைத்துக்கொள்வோம், வருஷத்துக்கு 2,643. வருடாந்திர சர்வீஸ் ஒப்பந்தம் 4,500. மொத்தம் 7,143. ஒரு நாளைக்கு 20 லிட்டர் என்றால் வருஷத்துக்கு 7,300 லிட்டர். லிட்டர் 98 பைசா. கரண்டு, வீணாகும் தண்ணி எல்லாம் சேர்க்கவில்லை. ஒரு பைசாவுக்குக் குரல் கொடுத்த வாய், 98 பைசாவுக்குத் தவணை கட்டிக்கொண்டு சும்மா இருக்கிறது. மெஷின் வைத்த வீட்டிலிருந்து யாராவது கிராம சபைக்குப் போய், "எங்க வார்டுத் தண்ணியில குளோரின் எவ்வளவு இருக்கு, கடைசியா எப்ப டெஸ்ட் எடுத்தீங்க?" என்று கேட்டிருக்கிறார்களா? வசதி உள்ளவன் வாயை மூடிக்கொண்டால், மெஷின் வாங்க முடியாத வீட்டுக்காரனுக்காக யார் கேட்பது?

சட்டம் இல்லாமலும் இல்லை. டி.டி.எஸ். 500க்குக் கீழே இருக்கிற இடத்தில் வீட்டு ஆர்.ஓ.வைத் தடை செய்யுங்கள், மற்ற இடத்தில் 60 சதவீதத் தண்ணியாவது மீட்கிற மாதிரி செய்யச் சொல்லுங்கள் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே மாதம் மத்திய அரசுக்கு உத்தரவு போட்டது. கம்பெனிகளின் சங்கம் உச்ச நீதிமன்றம் ஓடியது. போய் அரசிடம் சொல்லுங்கள் என்று அதே வருஷம் நவம்பரில் திருப்பி அனுப்பினார்கள். பிறகு 2023 நவம்பரில் விதிகள் வந்தன. கோர்ட்டு, கெஜட் எல்லாம் டெல்லியில். டை கட்டிய பையன் எங்கள் வீட்டு வாசலில். அவனிடம் 46க்கு எதற்கு ஆர்.ஓ. என்று கேட்க ஒரு ஆள் இல்லை.

என்னையும் சேர்த்துத்தான் திட்டுகிறேன். தங்கச்சி மெஷின் வாங்கப் பணம் கேட்டபோது ஒரு கேள்வி கேட்காமல் அனுப்பினேன். ஏன்? தூரத்தில் இருக்கிறவனுக்கு அது சுலபம். அம்மைக்கு நல்ல தண்ணி வாங்கிக் கொடுத்தாச்சு என்று ஒரு நிம்மதி. இதைப் படிக்கிற வெளிநாட்டு மக்களே, உங்கள் வீட்டுச் சுவரிலும் ஒரு நீல லைட்டு எரிந்துகொண்டிருக்கும். எரியட்டும். ஆனால் அடுத்த தடவை போன் பண்ணும்போது டி.டி.எஸ். எவ்வளவு என்று கேட்காதீர்கள். கிணற்றுக்குக் கடைசியாக எப்போது குளோரின் போட்டீர்கள், ஈ.கோலி டெஸ்ட் எடுத்தீர்களா என்று கேளுங்கள்.

குளோரின் கணக்கு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கிணற்றின் விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி, தண்ணியின் ஆழத்தால் பெருக்கி, 3.14ஆல் பெருக்கி நாலால் வகுங்கள். எல்லாம் மீட்டரில். வருகிற விடையை ஆயிரத்தால் பெருக்கினால் லிட்டர். எங்கள் கிணறு 2 மீட்டர் விட்டம், தண்ணி 3 மீட்டர், 9,420 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர். மொத்தம் 24 கிராம், ஏறக்குறைய இரண்டு மேசைக்கரண்டி. நோய் பரவுகிற காலத்தில் இதைப் போல இரண்டு மடங்கு. பக்கெட்டில் கொஞ்சம் தண்ணி விட்டுக் குழைத்து, பிறகு முக்கால் பக்கெட் நிரப்பிக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேல் தண்ணியை மட்டும் இன்னொரு வாளியில் ஊற்றி, அதைக் கிணற்றுக்குள் இறக்கி நாலைந்து தடவை முக்கி எடுக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துத் தண்ணி எடுக்கலாம். வாசனை ஒரு நாளில் போய்விடும். பவுடரை டப்பாவில் இறுக மூடி வைக்காவிட்டால் வீரியம் போய்விடும், அதையும் கவனியுங்கள்.

அளியன் இப்போது இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை போடுகிறான். பக்கத்து வீட்டுக்காரரிடம் குழியைப் பற்றிப் பேசப் போய் அவர் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திவிட்டார். அந்தச் சண்டை இன்னும் தீரவில்லை. மருமகன் தேறிவிட்டான். தங்கச்சி மெஷினைக் கழற்ற மாட்டேன் என்கிறாள். நானும் வற்புறுத்தவில்லை. அம்மை மட்டும் அதன் பக்கமே போவதில்லை. கிணற்றிலிருந்து தானே கோரி, சீரகம் போட்டு வெட்டிவெட்டிக் கொதிக்க வைத்து, தன் செம்பில் தனியாக வைத்துக்கொள்கிறாள்.

போன வாரம் என் மொபைலுக்கு ஒரு மெசேஜ். சர்வீஸ் ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிக்க 4,950 ரூபாய். போன வருஷத்தைவிட 450 கூட. இன்னும் கட்டவில்லை.